பேச்சின் உட்கதவு

ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளுக்கு முன்னர், ஆசிரியத் தொழிலுக்குப் புதியவனாய் ஒரு கிராமத்துப் பாடசாலையில் ஐந்தாம் வகுப்பை நான் பொறுப்பேற்றிருந்தேன். முன்வரிசையில் ஒரு சிறுவன் இருந்தான். கணக்கில் வல்லவன், எழுத்தும் அழகாக இருக்கும். ஆனால், வாய்விட்டு வாசிக்கச் சொன்னால் வகுப்பு முழுவதும் சிரிக்கும். ‘படம்’ என்று அவன் வாசிப்பான். எங்கள் காதில் ‘மணம்’ என்று விழும். ‘படி’ என்பான், ‘மணி’ என்று கேட்கும். அவனது மேலுதட்டில், குழந்தைப் பருவத்தில் தைத்த தழும்பு மெல்லிய கோடாகத் தெரிந்தது. அதனை நான் கண்டதுண்டு. அதற்கும் அவன் பேச்சுக்கும் உள்ள தொடர்பினை மட்டும் எண்ணிப் பார்த்ததில்லை.

“தம்பி, வாயைத் திறந்து உரத்து வாசி” என்று சொல்வேன். அவனும் உரத்து வாசிப்பான். எவ்வளவுக்கு உரத்து வாசித்தானோ அவ்வளவுக்கு மூக்கிலிருந்து ஒரு சீறல் எழும். சொல் இன்னும் சிதையும். ஒரு வரியை முடிக்குமுன் இரண்டு தரம் மூச்செடுப்பான். அதைச் சோம்பல் என்று நினைத்தேன். ஒருநாள், “சேர், நான் எழுதிக் காட்டட்டுமா?” என்று அவன் கேட்டான். அந்தக் கேள்வியும் எனக்கு முதலில் விளங்கவில்லை. இரண்டாம் முறை சொல்ல வைத்தேன். அடுத்த தவணையில் அவன் தானாகவே பின்வரிசைக்குப் போய்விட்டான். நான் தடுக்கவில்லை.

அச்சிறுவனின் வாய்க்குள் நடந்தது என்ன என்பதைப் பல ஆண்டுகள் கழித்தே படித்தறிந்தேன். பேச்சின்போது மூக்குக்கும் வாய்க்கும் இடையில் ஓடும் காற்றை அளப்பதற்கு அறிஞர்கள் எடுத்துக்கொண்ட முயற்சி, மொழியை நேசிப்போர் யாவரும் அறியத்தக்கது. ஆசிரியர்களோ கட்டாயம் அறிந்திருக்க வேண்டியது.

மென்னண்ணம் என்னும் கதவு

நாவினால் மேல்வாயைத் தடவிக்கொண்டு பின்னே சென்றால், எலும்பாலான வன்னண்ணம் முடிந்து தசையாலான மென்னண்ணம் தொடங்குவதை உணரலாம். அதன் நுனியில் தொங்குவதே உள்நாக்கு. நாம் வாளாவிருந்து மூச்சுவிடும்போது மென்னண்ணம் கீழே தொங்கும். மூக்குக்கும் தொண்டைக்கும் இடையில் வழி திறந்திருக்கும். விழுங்கும்போதும், பெரும்பாலான எழுத்துக்களை ஒலிக்கும்போதும் அது மேலெழுந்து பின்னோக்கிச் சென்று தொண்டையின் பின்சுவரைத் தொடும். அதேவேளை தொண்டையின் பக்கச் சுவர்கள் உள்நோக்கி நெருங்கும். சிலருக்குப் பின்சுவரில் ஒரு தசைமேடும் எழுந்து துணைசெய்யும்; அதனை விவரித்த ஜெர்மானிய அறுவை மருத்துவர் பசவாந்தின் பெயரால் அம்மேட்டினை வழங்குவர். ஆகவே, இது ஒருபுறம் மட்டும் ஆடும் கதவன்று; பல பக்கமிருந்தும் சுருங்கி மூடும் பை வாய் போன்றது. எளிமை கருதிக் கதவு என்றே குறிப்போம்.

இக்கதவின் தொழிலைத் தமிழ் நெடுங்கணக்கே காட்டிவிடுகின்றது. க-ங, ச-ஞ, ட-ண, த-ந, ப-ம, ற-ன என வல்லினமும் மெல்லினமும் இணையிணையாக நிற்பதை நாம் அரிச்சுவடியிலேயே கற்றோம். ‘ப’கரத்துக்கும் ‘ம’கரத்துக்கும் உதடுகள் செய்யும் தொழில் ஒன்றே, ‘ட’கரத்துக்கும் ‘ண’கரத்துக்கும் நா வளைந்து தொடுவது ஏறக்குறைய ஒரே இடத்தையே. சொல்லின் முதலில் வரும் வல்லெழுத்துக்குக் குரல்நாண் அதிர்வு இல்லை என்பது ஒரு வேறுபாடு. அது நீங்கலாக, இணைக்குள் எஞ்சிய வேறுபாடு உட்கதவு மூடியிருக்கின்றதா, திறந்திருக்கின்றதா என்பதே. மூடினால் வல்லினம், திறந்தால் மெல்லினம். கதவு மூடாத ஒரு சிறுவன் ‘படம்’ என்று சொல்ல முயலும்போது உதடும் நாவும் பிழையின்றித் தம் கடமையைச் செய்தாலும் வெளிவருவது ‘மணம்’ ஆவதன் காரணம் இதுவே.

நம் இலக்கண ஆசிரியர்கள் மூக்கின் பங்கினை நன்கு உணர்ந்திருந்தனர். தொல்காப்பியர் பிறப்பியலில் ஒலியுறுப்புக்களுள் மூக்கையும் ஒன்றாக எண்ணினார். மெல்லெழுத்து ஆறும் தத்தமக்குரிய இடங்களிலேயே பிறந்தாலும் மூக்கின் வழிச் செல்லும் காற்றினைக் கொண்டே ஒலிக்கும் என்பதும் அவர் கருத்து. நன்னூலாரோ மெல்லினத்துக்கு மூக்கையே இடமாக வகுத்தார். கருவிகள் இல்லாத காலத்தில் காதையும் தம் உடலின் உணர்வையும் மட்டும் கொண்டு அவர்கள் கண்ட உண்மை இது.

வாசகர் இப்பொழுதே ஒரு சோதனை செய்து பார்க்கலாம். மூக்கை விரல்களால் இறுகப் பிடித்துக்கொண்டு “பாப்பா பூப் பறித்தாள்” என்று சொல்லுங்கள். ஒலியில் மாற்றம் தோன்றாது. இவ்வாக்கியத்தில் ஒரு மெல்லெழுத்தேனும் இல்லை. அதே நிலையில் “மாமா” என்று சொல்லுங்கள். ஒலி முட்டிக்கொண்டு ‘பாபா’ என்பது போல் ஆகும்.

காது தடுமாறும் இடங்கள்

கதவின் குறையைக் காதாலேயே அறியலாமே, அளவுகோல் எதற்கு என்று கேட்கத் தோன்றும். காது கூர்மையானதுதான், ஆயினும், இவ்விடயத்தில் அது பலமுறை தடுமாறுகின்றது.

முதலாவதாக, ‘மூக்கால் பேசுகின்றான்’ என்று நாம் ஒரே தொடராற் குறிப்பது ஒன்றுக்கொன்று நேர்மாறான இரு குறைகளை. கதவு மூடாமையால் காற்று அளவுக்கு மிஞ்சி மூக்கினுட் செல்வது ஒன்று. தடிமனாலோ, மூக்கின் பின்னே வளர்ந்த சதையாலோ மூக்கு அடைபட்டு, செல்லவேண்டிய காற்றும் செல்லாமற்போவது மற்றொன்று. முன்னதில் ‘ப’ ‘ம’ ஆகும். பின்னதில் ‘ம’ ‘ப’ ஆகும். இவ்விரண்டையும் ஒன்றென மயங்கினால் விளைவு கொடிதாகலாம். சில குழந்தைகளுக்கு அச்சதையே குறுகிய மென்னண்ணத்துக்கு முட்டுக்கொடுத்துக் கதவை மூடச் செய்கின்றது. ஆராயாது அதனை வெட்டி நீக்கினால், அதுவரை நன்றாகப் பேசிய குழந்தையின் பேச்சிலும் மூக்கொலி புகுந்துவிடும்.

இரண்டாவதாக, ஒலியின் பெருமை துளையின் பெருமையைக் காட்டுவதில்லை. ஒடுங்கிய துளையூடாகக் காற்று விரைந்து பாயும்போது சீறலும் சலசலப்பும் மிகும். அகன்ற துளையூடாக அது ஓசையின்றிப் போய்விடலாம். ஆகவே, காதுக்கு மிக இரைச்சலாகப்படும் பேச்சின் பின்னே சிறு துளையே இருக்கலாம்.

மூன்றாவதாக, கேட்பவர் மனநிலை. முகத்தில் தழும்பைக் கண்டவர் குரலிலும் குறையை எதிர்பார்ப்பார். பழகியவரோ குறையைக் கேளாமலே விட்டுவிடுவார். தாய்க்கு விளங்கும் பேச்சு அயலவனுக்கு விளங்குவதில்லை.

கண்ணாடியும் புகைத்தாளும்

பிளந்த மென்னண்ணத்தை இணைத்தால் பேச்சுத் திருந்தும் என்பதனை உலகுக்கு உணர்த்திய நிகழ்ச்சிகளுள் ஒன்று 1819இல் பாரிஸ் நகரில் நடந்தது. கனடாவின் மொன்றியலிலிருந்து மருத்துவம் பயிலச் சென்ற யோன் ஸ்ரீபன்சன் என்னும் இளைஞர் மென்னண்ணப் பிளவுடன் பிறந்தவர். பிலிபேர் ரூ என்னும் அறுவை மருத்துவர் அவரது பிளவைத் தைத்து மூடினார். மயக்கமருந்து வழக்கில் இல்லாத காலம் அது. இளைஞர் விழித்திருந்தே அதனைத் தாங்கினார். அடுத்த ஆண்டில், 1820இல், எடின்பரோப் பல்கலைக்கழகத்தில் தம் மருத்துவப் பட்டத்துக்காக அவர் எழுதிய ஆய்வுரை, தம் அண்ணத்தில் நிகழ்ந்த அதே அறுவையைப் பற்றியதாகும். பின்னர் மொன்றியலுக்குத் திரும்பி, மக்கில் பல்கலைக்கழகத்தின் மருத்துவ பீடமாக வளர்ந்த கல்விக்கூடத்தை நிறுவிய நால்வருள் ஒருவரானார். பேச இடர்ப்பட்டவர் விரிவுரை ஆற்றுபவரானார்.

ஆனால், கதவு எவ்வளவு மூடுகின்றது என்பதை அளக்கும் வழி அப்பொழுது எவரிடமும் இல்லை. பிராகு நகரிற் பிறந்த உடலியலாளர் செர்மாக் 1850களின் பிற்பகுதியில் இத்துறையில் இறங்கினார். உயிரொலிகளின்போது மென்னண்ணம் எவ்வாறு நிற்கின்றது என்பதை ஆராய்ந்து, எல்லா உயிர்க்கும் கதவு ஒரே இறுக்கமாக மூடுவதில்லை என்று கண்டார். ‘இ’கரத்துக்கு இறுக்கம் மிகுதி, ‘அ’கரத்துக்குக் குறைவு. மூக்கின் கீழே குளிர்ந்த கண்ணாடியைப் பிடித்து, மூச்சு ஆவி படிகின்றதா என்று பார்க்கும் எளிய சோதனையும் அவர் பெயரோடு தொடர்புடையதே. மெல்லெழுத்தில்லாத சொல்லைச் சொல்லும்போதும் கண்ணாடி மங்கினால் காற்று கசிகின்றது என்பது தெளிவு. இன்றும் மருத்துவர் மேசையில் இக்கண்ணாடியைக் காணலாம்.

கண்ணாடி ‘உண்டு’ என்றோ ‘இல்லை’ என்றோ சொல்லும். எப்பொழுது, எந்த எழுத்தில் என்று சொல்லாது. அக்குறையை நீக்கியது புகைத்தாட் கருவி. ஜெர்மானியரான லுட்விக் 1847இல் குருதியமுக்கத்தைப் பதிவதற்கு அமைத்தது அது. சுழலும் உருளையில் புகைபடிந்த தாளைச் சுற்றி, மெல்லிய எழுதுமுனையினால் அதிற் கோடு கீறச் செய்வது அதன் முறை. 1876இல் பாரிசில், மாரே என்பாரது ஆய்வுகூடத்தில் றொசப்பெலி என்பவர் உதட்டின் அசைவு, குரல்வளையின் அதிர்வு, மூக்கின் காற்று ஆகிய மூன்றையும் ஒரே உருளையில் மூன்று கோடுகளாகப் பதிவு செய்தார். பேச்சு கண்ணாற் காணத்தக்க கோலமாயிற்று.

அக்கருவியை மொழியாராய்ச்சிக்கு உரியதாக்கியவர் ரூஸ்லோ என்னும் பிரெஞ்சுப் பாதிரியார். 1891இல் அவர் வெளியிட்ட ஆய்வு, ஒரு சிற்றூரில் தம் சொந்தக் குடும்பத்தார் பேசிய கிளைமொழியைப் பற்றியது. நாசித் துவாரத்திற் பொருந்தும் சிறு குமிழ், அதிலிருந்து செல்லும் இறப்பர்க் குழாய், மறுமுனையிற் சவ்வும் எழுதுமுனையும் ஆகிய இவற்றைக் கொண்டு மூக்கொலி தொடங்கும் கணத்தையும் முடியும் கணத்தையும் அவர் காட்டினார். மூக்குயிர்கள் சொற்பொருளையே வேறுபடுத்தும் பிரெஞ்சு மொழியில் இவ்வாராய்ச்சி எழுந்தது வியப்பன்று. தமிழகத்துப் பேச்சுவழக்கிலும் ‘மரம்’, ‘அவன்’ முதலியவற்றின் ஈற்று மெய் தேய்ந்து முன்னுள்ள உயிர் மூக்கொலி பெறுவதை நாம் கேட்கின்றோம்.

ஆயினும், புகைத்தாட் கோடு காலத்தைச் சொன்ன அளவுக்குக் கனத்தைச் சொல்லவில்லை. சவ்வின் இறுக்கத்துக்கேற்பக் கோட்டின் உயரம் மாறும். செக்கனுக்கு இத்தனை கனசென்ரிமீற்றர் காற்று என்று கூறுதற்கு வேறொரு கருவி வேண்டியிருந்தது.

துருசில் கற்ற பாடம்

அக்கருவியை 1925இல் பிளீஷ் என்னும் சுவிற்சர்லாந்து உடலியலாளர் அமைத்தார். நுண்ணிய குழாய்களைக் கட்டாகச் சேர்த்து அவற்றினூடே மூச்சைச் செலுத்தினால், கட்டின் முன்னும் பின்னும் உள்ள அமுக்கத்தில் சிறியதொரு வேறுபாடு தோன்றும். அவ்வேறுபாடு காற்றுப் பாய்ச்சலுக்கு நேர்விகிதமானது. எனவே, அமுக்கத்தை அளந்தால் பாய்ச்சலை அறியலாம். மூச்சின் ஈரம் படிந்து குழாய்கள் அடைபடாமலிருக்க அதனைச் சூடாக்கி வைப்பர்.

ஆனால், மூக்கின் வழியே செல்லும் காற்றின் அளவு மட்டும் தெரிந்தாற் போதுமா? வன்னிப் பகுதியின் குளக்கட்டில் நின்று பார்த்தவர்களுக்கு விடை தெரியும். வாய்க்காலில் ஓடும் நீரை மட்டும் கண்டு, துருசு எவ்வளவு திறந்திருக்கின்றது என்று சொல்லிவிட முடியாது. குளம் நிறைந்திருந்தால் சிறு திறப்பினூடாகவும் மிகுந்த நீர் பாயும்; குளம் வற்றியிருந்தால் முழுதும் திறந்தாலும் சிறிதே பாயும். துருசின் இருபுறமும் உள்ள நீர்மட்ட வேறுபாடும் பாயும் நீரின் அளவும் ஒருங்கே தெரிந்தால்தான் திறப்பின் அளவைக் கணக்கிடலாம்.

உட்கதவுக்கும் இதே கணக்கினைப் பொருத்தியவர்கள் டொனால்ட் வொறன் என்னும் அமெரிக்கப் பல்மருத்துவரும், மூச்சியக்கத்தை ஆராய்ந்த ஆதர் டுபுவா என்னும் உடலியலாளரும் ஆவர். அண்ணப்பிளவு பற்றிய அமெரிக்க ஆய்விதழின் முதல் தொகுதியில், 1964இல், அவர்கள் தம் முறையை வெளியிட்டனர். மெல்லிய குழாயொன்றை வாய்க்குள் வைத்து உட்கதவின் கீழுள்ள அமுக்கத்தை அளப்பர். மற்றொரு குழாயை ஒரு நாசியில் தக்கையால் அடைத்துப் பொருத்தி மேலுள்ள அமுக்கத்தை அளப்பர். எஞ்சிய நாசியிலிருந்து வரும் காற்று முழுவதும் பாய்ச்சல் அளவிக்குட் செல்லும். இம்மூன்றும் பேச்சு நிகழும்போதே பதியப்படும். தடிமனால் மூக்கு அடைபட்டிருந்தால் பாய்ச்சல் குறையுமேயெனின், அமுக்க வேறுபாடும் கூடவே குறையும். ஆதலால் திறப்பின் அளவு பெரிதும் பிழைபடாது.

ஒரு கணக்கினைச் செய்து பார்ப்போம். கதவின் இருபுறமும் உள்ள அமுக்க வேறுபாடு மூன்று சென்ரிமீற்றர் நீர்மட்டத்துக்குச் சமம் என்றும், மூக்கின் வழியே செக்கனுக்கு ஏறத்தாழ 160 கனசென்ரிமீற்றர் காற்று பாய்கின்றது என்றும் வைத்துக்கொள்வோம். அவ்வமுக்கத்தில் காற்று தடையின்றி அடையக்கூடிய வேகம் செக்கனுக்கு ஏறக்குறைய 24 மீற்றர். துளையின் விளிம்பில் தாரை சுருங்குவதால் அதனை 0.65 ஆற் பெருக்குவர். இவ்வெண்ணைத் தொண்டையையும் மூக்கையும் ஒத்த மாதிரி உருவொன்றில் சோதித்தே அவர்கள் பெற்றனர். பாய்ச்சலை இவ்வேகத்தால் வகுத்தால் கிடைப்பது 0.10 சதுர சென்ரிமீற்றர். அதாவது பத்துச் சதுர மில்லிமீற்றர். மூன்றரை மில்லிமீற்றர் விட்டமுள்ள ஒரு வட்டம்!

வொறன் வகுத்த அளவுகள் சிந்தனைக்குரியன. வல்லெழுத்து ஒலிக்கும்போது திறப்பு ஐந்து சதுர மில்லிமீற்றருக்கு உட்பட்டிருந்தால் கதவு போதிய அளவு மூடுகின்றது எனலாம். பத்தைக் கடந்தால் ஐயத்துக்குரியது. இருபதைக் கடந்தால் கதவு பயன்படாததற்குச் சமம். இருபது சதுர மில்லிமீற்றர் என்பது ஒரு மிளகு புகும் துளை. ஒரு மிளகளவு துளை, ஒரு மாணவனை முன்வரிசையிலிருந்து பின்வரிசைக்கு அனுப்பப் போதுமானது.

‘தம்பி’ என்னும் சொல்லில் அடங்கிய வித்தை

சோதனைக்கு அவர்கள் தேர்ந்த ஆங்கிலச் சொற்களுள் ஒன்று ‘ஹம்பர்’ என்பது. ஏன் இச்சொல்? மகர மெய்யும் பகர மெய்யும் அடுத்தடுத்து வருவதே காரணம். மகரத்துக்குத் திறந்த கதவு, உதடுகள் மூடியபடியே இருக்கையில், பகரத்துக்காக மூடவேண்டும். அதற்குக் கிடைக்கும் நேரம் ஒரு செக்கனின் பத்திலொரு பங்களவே. நலமுள்ளவரிடம் பாய்ச்சற் கோடு மகரத்தில் உயர்ந்து பகரத்தில் அடியோடு விழும். அமுக்கக் கோடு அதேகணம் எழும். கதவு மூடாதவரிடம் பாய்ச்சல் விழுவதில்லை. இரண்டெழுத்தும் ஒன்றிலொன்று கரைந்துவிடும்.

நம் மொழியோ இத்தகைய சொற்களால் நிறைந்தது. தம்பி, பாம்பு, கம்பு, சங்கு, பஞ்சு, வண்டு, பந்து, கன்று - மெல்லினமும் அதன் இனமான வல்லினமும் மயங்கும் இச்சொற்களை நாளொன்றுக்கு எத்தனை முறை சொல்கின்றோம்! ஆனால், ஒரு வேறுபாட்டை மறத்தலாகாது. ஆங்கிலச் சொல்லிலுள்ள பகரம் குரல்நாண் அதிர்வு இல்லாதது. வாய்க்குள் அமுக்கம் முழுமையாக எழும். ‘தம்பி’யில் வரும் பகரமோ மகரத்தின் சார்பால் அதிர்வு பெற்று மென்மையடைகின்றது. ஆகவே, ஆங்கிலத்துக்கு வகுத்த அளவைத் தமிழுக்கு அப்படியே பொருத்திவிடல் ஆகாது. மூக்கொலி ஆற்றலும் வாயொலி ஆற்றலும் எவ்விகிதத்தில் உள்ளன என்று அளக்கும் ஒலிமானிகள் 1980களில் பரவிய பின்னர், இவ்வுண்மை மேலும் தெளிவாயிற்று. மொழிக்கு மொழி இயல்பான விகிதம் வேறுபடுகின்றது. ஒவ்வொரு மொழிக்கும் அதற்கெனச் சோதனை வாசகம் வேண்டும். மெல்லெழுத்து அறவே இல்லாத நல்ல தமிழ்ப் பந்தியொன்றை எழுதுதல் எளிதன்று என்பதை எழுதிப் பார்ப்பவர் அறிவர். மொழியாசிரியரின் துணை மருத்துவர்க்கு வேண்டிய இடம் இது.

சோம்பலன்று, உழைப்பு

வொறனின் பிற்கால ஆராய்ச்சிகளுள் என்னை மிகவும் தைத்தது ஒன்றுண்டு. வல்லெழுத்தொன்று தெளிவாக ஒலிக்க வாய்க்குள் மூன்று முதல் எட்டுச் சென்ரிமீற்றர் நீர்மட்ட அமுக்கம் வேண்டும். கதவில் துளையுள்ளவர்களிடம் அவ்வமுக்கம் சரிந்துவிடும் என்றே எதிர்பார்ப்போம். ஆனால், பலரிடம் அது எதிர்பார்த்த அளவுக்குச் சரிவதில்லை. காரணம், அவர்கள் நெஞ்சிலிருந்து கூடுதலான காற்றைத் தள்ளி, இழப்பை ஈடுசெய்ய இடையறாது முயல்கின்றனர். ஓட்டைக் குடத்தில் நீர்மட்டம் தாழாதிருக்க ஓயாமல் நீர் வார்ப்பது போன்றது இது.

என் மாணவன் ஒரு வரிக்கு இருமுறை மூச்செடுத்ததன் பொருள் இப்பொழுது விளங்குகின்றது. மற்றப் பிள்ளைகள் செலவிட்டதிலும் மிகுந்த காற்றை அவன் ஒவ்வொரு சொல்லுக்கும் செலவிட்டான். நான் உரத்து வாசிக்கச் சொன்னபோது, அமுக்கம் ஏற, மூக்கிற் பாய்ச்சலும் ஏறியது, சீறலும் கூடியது. குடத்தில் வேகமாக நீர் வார்க்கச் சொன்னேன், ஓட்டையை நினைக்கவில்லை. வகுப்பில் எல்லோரிலும் அதிகமாக உழைத்தவனையே சோம்பேறி என்று கருதினேன்.

துளையா, பழக்கமா?

கருவிக்கும் எல்லையுண்டு. திறப்பின் அளவைச் சொல்லும். திறப்பின் காரணத்தைச் சொல்லாது. அண்ணத்தில் பிளவு இருந்தமையால் மூடவில்லையா, மேலே தோல் மூடியிருக்க உள்ளே தசை மட்டும் பிளந்துள்ளதா, நரம்புத் தளர்ச்சியா, அன்றிப் பிழையாகக் கற்ற பழக்கமா என்பதைப் பிரித்தறிய வேறு வழிகளும் தேவை. மூக்கின் வழியே நுண்ணிய நோக்குகுழாயைச் செலுத்திக் கதவை மேலிருந்து காணும் முறையும், பேசும்போதே எக்ஸ் கதிரால் படம்பிடிக்கும் முறையும் 1960களின் இறுதி தொட்டு வளர்ந்தன.

பழக்கத்தாற் பிறக்கும் குறையைக் காற்றளவே சிலவேளை காட்டிக்கொடுக்கும். சில பிள்ளைகளுக்குப் பகரத்திலும் தகரத்திலும் மூக்கிற் காற்று வருவதேயில்லை. சகரத்தை உரசி ஒலிக்கும்போது மட்டும் சீறிக்கொண்டு வரும். பகரத்துக்கு மூடத் தெரிந்த கதவு சகரத்துக்கும் மூடவல்லதே. அப்பிள்ளைக்கு வேண்டியது கத்தியன்று, பொறுமையான பயிற்சி. மறுபுறம், எல்லா வல்லெழுத்திலும் இருபதுக்கு மேற்பட்ட திறப்பு உள்ள பிள்ளைக்கு ஊதுபயிற்சியும் உரத்து வாசித்தலும் எத்தனை ஆண்டு கொடுத்தாலும் பயனில்லை. அவனுக்கு மருத்துவர் கை வேண்டும். ஒருவனுக்குரிய மருந்தை மற்றவனுக்குக் கொடாமற் காப்பதே அளவையின் பெரும்பயன்.

இவற்றுள் மற்றொரு சிக்கல், காலம். வாயில் அமுக்கம் நில்லாத குழந்தை, காற்றைத் துளைக்குக் கீழேயே மறிக்கக் கற்றுக்கொள்கின்றது. உதட்டிலும் நாவிலும் பிறக்கவேண்டிய வல்லெழுத்துக்களைக் குரல்வளையில் தடுத்து ஒலிக்கின்றது. பின்னாளில் துளையை மூடினாலும் அப்பழக்கம் நீங்குவதில்லை. இதற்குச் சான்று தந்த நாடுகளுள் நம் இலங்கையும் ஒன்று. 1980களில் இலண்டனிலிருந்து வந்த மருத்துவக் குழுவினர், அறுவை பெறாமலே வளர்ந்துவிட்ட பலரை இங்கே கண்டு சிகிச்சை அளித்தனர். பருவ வயதில் அண்ணம் தைக்கப்பெற்ற இலங்கையரின் பேச்சைப் பற்றி 1990இல் வெளியான ஆய்வு, அறுவையால் மட்டும் பேச்சுப் பெரிதும் திருந்தவில்லை என்று காட்டிற்று. கதவு சீரானது, ஆனால் அதனைத் திறந்து மூடும் பழக்கம் உண்டாகும் பருவம் கடந்துவிட்டிருந்தது. இன்று அண்ணப்பிளவைப் பொதுவாக ஒரு வயதை ஒட்டியே தைத்துவிட மருத்துவர் முயல்வதன் காரணங்களுள் இது தலையாயது.

ஆசிரியர் கையிலுள்ள கண்ணாடி

பேச்சுச் சிகிச்சையாளர்கள் இப்போது நம் நாட்டிலேயே பயிற்றப்படுகின்றனர். களனிப் பல்கலைக்கழக மருத்துவ பீடம் அத்துறையில் பட்டப்படிப்பு நடத்துகின்றது. ஆனால், ஒரு பிள்ளை அவர்களிடம் சென்று சேர்வதற்கு முன் அதன் பேச்சை நாள்தோறும் கேட்பவர் வகுப்பாசிரியர். அவர் கையில் விலையுயர்ந்த கருவி எதுவும் இல்லை, தேவையும் இல்லை. சிறு கண்ணாடி ஒன்றும், “பாப்பா பூப் பறித்தாள்” போன்ற வாக்கியம் ஒன்றும் போதும். பிள்ளையைத் தனியே அழைத்து, வகுப்பார் காணாதபடி, மூக்கின் கீழே கண்ணாடியைப் பிடித்துச் சொல்லச் செய்யலாம். சொல்லி முடித்ததும், மூச்சு விடுமுன், கண்ணாடியை எடுத்துவிட வேண்டும். அது மங்கியிருந்தால் பெற்றோரை அழைத்து, மருத்துவரிடம் காட்டும்படி சொல்லலாம். அது நோயறிதலன்று, நோயறிவாரிடம் செல்லும் வழி.

வழி தெரிந்த பின்னும் முடிவான தீர்ப்பினை வழங்குவது காதுதான் என்று இத்துறை அறிஞர் ஒப்புக்கொள்கின்றனர். துளை சுருங்கியதா என்பதைக் கருவி சொல்லும். பேச்சு விளங்குகின்றதா என்பதைக் கேட்பவனே சொல்லவேண்டும். ஆகையால், காதைக் கைவிடச் சொல்லவில்லை. காது கேட்டதைக் கொண்டு அறிவையும் முயற்சியையும் எடைபோடுவதைக் கைவிட வேண்டும் என்பதே என் கருத்து.

அந்தச் சிறுவன் எங்கு இருக்கின்றான் என்பது எனக்குத் தெரியாது. அவ்வூர் மக்கள் பல திசைகளிலும் சிதறிவிட்டனர். அவன் எழுதிக் காட்டிய கட்டுரைக் கொப்பியில் பிழையொன்றும் இருக்கவில்லை என்பது மட்டும் நினைவிருக்கின்றது. நூற்றுக்கு எண்பது புள்ளி போட்டு, ‘வாசிப்பில் கவனம் தேவை’ என்று சிவப்பு மையால் எழுதினேன்.